பலகை காயும் வரை

அத்தியாயம் 14

ஜீவானந்தம் நைட் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது, அவன் அம்மா பாப்பம்மாள் மரம் தேய்க்கிற சாண்டர் மெஷினுக்குச் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

"யம்மா! அது இன்னிக்கு எனக்கு வேணும்மா!"

"நாளைக்கு எடுத்துக்கோ. சாமி முன்னால வெச்ச ஆயுதத்த இன்னிக்கு எவனாவது தொடுவானா?"

மெஷின் மட்டும் என்றால் பரவாயில்லை. பிரஷ், உப்புத்தாள் கட்டு, ஸ்க்ரூ டிரைவர், சுத்தியல் எல்லாமே பூஜை அலமாரிக்கு முன்னால் வாழை இலையில் வரிசையாகப் படுத்திருந்தன. பக்கத்தில் அரிவாள்மணை, மிக்ஸி, மருமகள் சசிகலாவின் கம்பெனி அடையாள அட்டை. ஓரத்தில் பாப்பம்மாளின் மாப் குச்சி. அவள் ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறாள். அவளுடைய ஆயுதம் அதுதானே!

"பிரஷுமா ஆயுதம்?"

"நீ எத வெச்சு வேல செய்றியோ அது ஆயுதம். போய்க் குளிச்சிட்டு வா. இன்னிக்கு மூணு பேருக்கும் லீவு, வூட்ல கீறோம். நல்லா சாப்டணும்."

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். ஜீவா வாயை மூடிக்கொண்டான்.

அவன் வாயை மூடிக்கொண்டே இருப்பது பற்றி வாசகர்களுக்கு என் மேல் கோபம் என்று தெரியும். அம்பத்தூர் வாசகி ஒருவர் போனில் கூப்பிட்டே கேட்டுவிட்டார்: "ஏன் சார், அந்தப் பையனுக்கு வாய்ல இன்னா கொழுக்கட்டையா?" நான் என்ன செய்ய? அவன் அப்படிப்பட்டவன்.

புதிதாக வந்தவர்களுக்காக நாலு வரி. மண்ணூரில் இவர்கள் வீடு. அப்பா போன வருஷம் இறந்துவிட்டார். ஒரே பிள்ளை. ஜீவா ஒரு கார் கம்பெனியில் பெயிண்ட் ஷாப். சசி ஒரகடத்தில் செல்போன் கேமரா சோதிக்கும் லைனில் நிற்கிறாள். மூன்று பேருக்கும் மூன்று ஷிஃப்ட். கல்யாணமாகி நான்கு வருஷத்தில் சசியும் ஜீவாவும் ஒருவர் முகத்தை ஒருவர் நின்று பார்த்த நாட்கள் குறைவு. அவன் எழுந்து போன பாயில் இவள் வந்து படுப்பாள். அவன் தலையணையில் சூடு இருக்கும், அவன் இருக்க மாட்டான்.

குன்றத்தூரில் ராஜம்மா என்கிறவள் வீட்டு மாடி காலியாக இருக்கிறது. அங்கே போய்விட்டால், காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற ஜெனரல் ஷிஃப்ட் பஸ் வாசலுக்கே வருகிறது. மண்ணூர்ப் பக்கம் அந்த பஸ் கிடையாது. சசி ஜெனரல் ஷிஃப்ட்டுக்கு மாறிக்கொள்ளலாம். அவன் வேலைக்குக் கிளம்புமுன் தினமும் சாயங்காலம் கொஞ்ச நேரம் சேர்ந்து இருக்கலாம். அவள் கேட்பது அவ்வளவுதான்.

நாளைக்கு விஜயதசமி. பால் காய்ச்ச நல்ல நாள். இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று ராஜம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். ஆயுத பூஜை அன்று அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன் என்று போன வாரம் ஜீவா சசியின் தலையில் கை வைத்து வாக்குக் கொடுத்திருக்கிறான்.

அந்த ஆயுத பூஜைதான் இன்று.

குளித்துவிட்டு மாடிக்கு ஏறினான் ஜீவா. அங்கேதான் அவன் கைப்படப் போட்ட மரத்தளம் இருக்கிறது. வெளிநாட்டு மெஷின்கள் வந்து இறங்கும் பெட்டிகளைப் பிரித்து விற்கிற யார்டில் பைன் கட்டைகளாகப் பொறுக்கி வந்து, படிக்கட்டுத் தலைப்பிலிருந்து மாடி ரூமின் வாசல் வரைக்கும், சுவருக்குச் சுவர் பலகை பதித்திருக்கிறான். கல்யாணமான புதிதில் செய்தது. இரண்டு பேருக்கும் ஒன்றாக லீவு கிடைக்கிற அபூர்வமான இரவுகளில் அதில்தான் கால் நீட்டி உட்காருவார்கள்.

போன மழையில் பலகையெல்லாம் கறுத்துப் பாசி பிடித்தது. துணி எடுக்க வந்த பாப்பம்மாள் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு ஒரு மாசம் கிடந்தாள். அதனால் இந்த முறை ஜீவா முன்னாலேயே ஆரம்பித்திருந்தான். போன ஞாயிற்றுக்கிழமை கழுவி, காயவிட்டு, மெஷின் போட்டுத் தேய்த்து, பலகையைப் புதுசு போல ஆக்கி வைத்திருந்தான். கடைசியாக லேசாக ஒரு தேய்ப்புக் கொடுத்து எண்ணெய் ஏற்றினால் வேலை முடிந்தது. மழை எந்த நேரமும் வரலாம் என்று வானிலைக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

சசி தளத்தின் ஓரத்தில் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். நேற்று அவளுக்கு செகண்ட் ஷிஃப்ட். தூக்கம் இன்னும் கண்ணில் இருந்தது.

"மாமா, இங்க பாரு."

பார்த்தான். வெளுத்த பலகையின் மேல் வரிசையாக மூன்று இடத்தில் சந்தனப் பட்டை. அதன் நடுவில் ரத்தச் சிவப்பாகக் குங்குமம். தேய்த்து வெறும் மரமாக நிற்கிற பலகை எதை வைத்தாலும் குடித்துவிடும். குங்குமத்தை நன்றாகக் குடித்திருந்தது. கட்டை விரலை எச்சில் படுத்தித் தேய்த்துப் பார்த்தான். சிவப்பு இன்னும் அகலமாகப் பரவியது.

"யம்மா! பலகைக்கு எதுக்கும்மா பொட்டு?"

கீழேயிருந்து பதில் வந்தது. "வண்டிக்கு வெக்கிறேன், மிக்ஸிக்கு வெக்கிறேன். நீ உன் கையால செஞ்சது அது, அதுக்கு வெக்கக் கூடாதா?"

ஒரு தேய் தேய்த்தால் போய்விடும். தேய்க்கிற மெஷினோ சாமியிடம் இருக்கிறது. உப்புத்தாளும் அங்கேதான். ஜீவா தலையில் கை வைத்தான். சசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காத சசி."

"அழுவறதுக்கு பதிலா சிரிக்கிறேன். இன்னிக்கு சொல்லிடுவ இல்ல?"

"சொல்றேன்."

"எப்போ?"

"மத்தியானம், சாப்புடறப்போ."

மத்தியானம் வரைக்கும் தூங்கினான். சசி தூங்கவில்லை. வெங்காயம் நறுக்க அரிவாள்மணை இல்லாததால் சின்ன வெங்காயத்தை முழுசு முழுசாகச் சாம்பாரில் போட்டார்கள். மிக்ஸியும் இல்லை என்பதால் வடைக்கு மாவை நேற்றே அரைத்து வைத்திருந்தாள் பாப்பம்மாள். அத்தையும் மருமகளும் அடுப்படியில் இடித்துக்கொள்ளாமல் வேலை செய்தார்கள். அவர்களுக்குள் சண்டை கிடையாது. சசிக்கு அத்தையைப் பிடிக்கும். பிடித்தவளிடமிருந்து பிள்ளையைப் பிரிக்கிறோமே என்பதுதான் அவளை அரித்துக்கொண்டிருந்தது. அதற்காக விட்டுக்கொடுக்கவும் அவளுக்கு மனசில்லை. நான்கு வருஷமாக விட்டுக்கொடுத்துத்தானே இருக்கிறாள்.

மூன்று இலை போட்டார்கள். பாப்பம்மாள் பரிமாறிவிட்டு, தானும் உட்கார்ந்தாள்.

"எத்தினி மாசமாச்சு, இப்படி ஒண்ணா குந்தி சாப்ட்டு" என்றாள்.

சசி ஜீவாவின் முழங்காலை ஒரு இடி இடித்தாள்.

"யம்மா, ஒண்ணு சொல்லணும்."

"சாப்டறப்போ இன்னா பேச்சு? சாப்ட்டுட்டு சொல்லு." அவன் இலையில் இன்னொரு வடை விழுந்தது. "ஷிஃப்ட்டு ஷிஃப்ட்டுன்னு ஓடி ஓடி கழுத்தெலும்பு தெரியுது உனக்கு."

சாப்பிட்டு முடித்தார்கள். பாப்பம்மாள் இலையை மடித்தபடி கேட்டாள்.

"இன்னாடா சொல்லணும்ன?"

ஜீவா அம்மாவைப் பார்த்தான். மனைவியைப் பார்த்தான். கடைசியில் பாத்திரத்தைப் பார்த்தான்.

"பாயசம் சூப்பரா இருந்துச்சும்மா."

சசி எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். கோபம் கோபமாக வந்தது. இப்படி ஒரு மனுஷனைக் கட்டிக்கொண்டோமே என்று அவள் நினைத்தது அன்று முதல் முறை இல்லை.

வெயில் கொஞ்சம் தாழ்ந்தது. கொளுத்துகிற வெயிலில் எண்ணெய் போட்டால் உள்ளே இறங்காமல் மேலேயே காய்ந்து பிசுபிசுக்கும். இதுதான் நேரம். மேற்கே சுங்குவார்சத்திரம் பக்கம் மேகம் திரண்டுகொண்டிருந்தது. ஜீவா அம்மாவிடம் கடைசியாக ஒரு மனு போட்டான்.

"பிரஷ்ஷு மட்டும் குடும்மா."

"முடியாது."

"சரி, துணி? பழைய லுங்கிய கிழிச்சு எண்ணெய்ல தொட்டுத் தேய்க்கிறேன். துணி ஆயுதமா?"

பாப்பம்மாள் யோசித்தாள். ஆயிரம் தரையைத் துணியால் துடைத்தவள். இருந்தாலும் பிள்ளையின் முகத்தைப் பார்த்து இறங்கிவந்தாள். "துணி பரவால்ல. சீக்கிரம் முடிச்சிட்டு ரெண்டு பேரும் கீழ வாங்க. சாயங்காலம் சுண்டல் போடறேன், சாமி கும்பிட்டுட்டு ஒண்ணா டீ குடிக்கலாம்."

"சசி, வண்டிப் பெட்டில எண்ணெய் டின்னு கீது, எடுத்துகினு வா" என்று சொல்லிவிட்டு மாடியேறினான்.

டின்னை எடுத்தவள் அதன் மேல் எழுதியிருந்ததைப் படித்தாள். கொட்டை எழுத்தில் போட்டிருந்தான் கம்பெனிக்காரன். வெயில், மழை எல்லாவற்றுக்கும் ஐந்து வருஷம் தாங்குமாம்.

சசி அதை இன்னொரு தரம் படித்தாள். இந்த மழைக்குத் தாங்கினால் போதும், சாதா எண்ணெய் வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னவன் இவன்தானே? தை மாசம்கூட இந்த வீட்டில் இருக்க மாட்டோம் என்றவன் எதற்கு ஐந்து வருஷத்து எண்ணெய் வாங்குகிறான்? ஐந்து வருஷம். அதற்குள் அவளுக்கு முப்பத்துநாலு வயசாகிவிடும். இன்னும் ஐந்து வருஷம் தலையணையோடு குடித்தனம் நடத்த வேண்டும்.

மாடியேறி, டின்னை அவன் முன்னால் டொக்கென்று வைத்தாள்.

"அஞ்சு வருஷமா?"

"நல்ல எண்ணெய்னு சொன்னாங்க."

"ராஜம்மா அக்காவுக்கு இன்னா பதில் சொல்றது? அஞ்சு வருஷம் கழிச்சு வரோம்னு சொல்லிடவா?"

"கத்தாத சசி. கீழ கேக்கும்."

"கேக்கட்டும். நீ சொல்ல மாட்ட, அப்டியாவது கேக்கட்டும்."

அவன் லுங்கியைக் கிழித்துக்கொண்டிருந்தான். சசி ஒரு துண்டைப் பிடுங்கினாள். கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றினாள். நேராகப் படிக்கட்டுத் தலைப்புக்குப் போய் மண்டி போட்டு உட்கார்ந்து, முதல் பலகையில் எண்ணெயைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"ஏய், ஏய்! அங்கருந்தா ஆரம்பிப்ப? ரூம் வாசல்லருந்து ஆரம்பிச்சு படிக்கட்டுக்கு வரணும். இல்லன்னா எப்டி கீழ எறங்கறது? விடிய விடிய கால் வெக்கக் கூடாது இதுல."

"தெரியும்."

தெரிந்துதான் செய்தாள். அதில் சந்தேகமே வேண்டாம்.

"ரூம்ல தண்ணி கீது. பாத்ரூம் கீது. மத்தியானம் மூக்கு முட்டத் தின்னிருக்க. உனக்கு இன்னா குற?" அவள் நிமிரவில்லை. குரல் மட்டும் உடைந்தது. "இன்னிக்கு ஒரு நாள் என்கூட இரு மாமா. யாரும் ஏறி வரக் கூடாது, நீயும் எறங்கிப் போவக் கூடாது. ஒரே ஒரு ராத்திரி. அதுக்கப்புறம் அஞ்சு வருஷமோ அம்பது வருஷமோ, நீயே பாத்துக்கோ."

ஜீவா படிக்கட்டைப் பார்த்தான். ஒரே தாவலில் போய் அவளைத் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. அவளோடு இருக்க அவனுக்கும் ஆசை கொள்ளை கொள்ளையாக இருந்தது. அதோடு, கீழே இறங்க முடியாவிட்டால் இன்றைக்கு அம்மாவிடம் சொல்ல வேண்டியதும் இல்லை என்கிற அல்ப சந்தோஷமும் ஓர் ஓரத்தில் எட்டிப் பார்த்தது. உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

அவனும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கொஞ்சமா தொடு. மேல நிக்கக் கூடாது, உள்ள எறங்கணும். ரேகை போற பக்கமே தேய்."

தேய்த்தார்கள். வெளுத்துக் கிடந்த பலகை எண்ணெய் பட்டதும் தேன் நிறத்துக்கு மாறியது. எங்கெங்கோ ஒளிந்திருந்த ரேகையெல்லாம் மேலே வந்தது. குங்குமம் பட்ட இடம் வந்ததும் சசி தயங்கினாள்.

"இது மேலயே தேய்க்கவா?"

"வேற வழி? உள்ளயே கெடக்கட்டும்."

எண்ணெய் ஏறியதும் சிவப்பு இன்னும் பளிச்சென்று ஆயிற்று. ஒரு வரிசை முடிந்ததும் வேறொரு உலர்ந்த துணியால் மிச்ச எண்ணெயைத் துடைத்தெடுத்தான் ஜீவா. துடைத்த துணியைச் சசி சுருட்டப் போனாள்.

"சுருட்டாத, சுருட்டாத! சுவத்து மேல விரிச்சுப் போடு. எண்ணெய்த் துணியக் குவிச்சு வெச்சா தானா பத்திக்கும். எங்க ஷாப்புல இதுக்குன்னே கிளாஸ் எடுப்பாங்க."

"எனக்கு இன்னிக்குத்தான் கிளாஸ் எடுக்கற" என்றாள்.

அவன் சிரித்தான். எவ்வளவு நாள் கழித்து அவன் சிரிப்பை இவ்வளவு பக்கத்தில் கேட்கிறாள்! தோளும் தோளும் இடித்தன. அவன் கழுத்தில் வியர்வை வழிந்தது. தன் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள். கோபமாக இருக்கிறோம் என்பதை அவ்வப்போது நினைவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது அவளுக்கு. பக்கத்துத் தெருவில் யாரோ ஷேர் ஆட்டோவுக்கு வாழைக்கன்று கட்டிப் பூசணிக்காய் உடைத்தார்கள். பிள்ளைகள் கத்தினார்கள். இவர்கள் ஒவ்வொரு பலகையாகப் பின்னால் நகர்ந்துகொண்டே வந்தார்கள்.

பாதித் தளம் முடிந்தபோது, அவன் தானாகவே பேசினான்.

"அஞ்சு வருஷ எண்ணெய் நமக்கு இல்ல சசி."

"பின்ன?"

"சாதா எண்ணெய் போட்டா வருஷா வருஷம் தேய்க்கணும். நாம குன்றத்தூர் போயிட்டா யாரு வந்து தேய்க்கிறது? துணி காயப் போட அம்மா தெனம் ஏறும். போன மழ மாதிரி மறுபடி வழுக்கி வுழுந்துச்சுன்னா, தூக்கறதுக்குக்கூட ஆள் இருக்க மாட்டோம்." துணியைப் பிழிந்தான். "அதான் நல்லதா வாங்கினேன். போறதுக்கு முன்னாடி இத முடிச்சிடணும்னு நெனச்சேன்."

சசியின் கை நின்றுவிட்டது.

அவன் கிளம்பத்தான் இருக்கிறான். மனசுக்குள் எப்போதோ கிளம்பிவிட்டான். சந்தோஷத்தில் அவளுக்குக் கண் நிறைந்தது. கூடவே அத்தை இந்தத் தளத்தில் ஒற்றை ஆளாகத் துணி உலர்த்துவது போல ஒரு காட்சி கண்ணில் வந்தது. சந்தோஷத்தை முழுசாகச் சந்தோஷப்பட முடியவில்லை.

"இத மத்தியானமே சொல்லியிருந்தா நான் எதுக்கு அங்கருந்து ஆரம்பிக்கப் போறேன்?"

"நீதான் அஞ்சு வருஷமான்னு கத்தினியே."

"அத்தைகிட்ட எப்போ சொல்லுவ?"

"இத முடிச்சதும் கீழ போயி..." என்று ஆரம்பித்தவன் படிக்கட்டுப் பக்கம் பார்த்தான். நடுவில் இவ்வளவு தூரம் ஈரப் பலகை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள்.

கடைசிப் பலகையை முடித்து, ரூமின் நிலைப்படியில் ஏறி உட்கார்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. மேகம் இன்னும் தள்ளியே நின்றது. மழை இன்று வராது போலத்தான் இருந்தது. சசி அவன் தோளில் தலையைச் சாய்த்தாள். அவன் கையில் எண்ணெய் வாசம். இனிமேல் காலை வரைக்கும் யாரும் வர முடியாது. அவள் நான்கு வருஷமாகக் கேட்டது இதுதான்.

படிக்கட்டில் கொலுசுச் சத்தம் கேட்டது.

பாப்பம்மாள் படிக்கட்டின் கடைசிப் படியில் வந்து நின்றாள். தலையில் பூ வைத்திருந்தாள். வீட்டுக்காரர் போன பிறகு அவள் பூ வைத்து ஜீவா பார்த்ததில்லை. இன்று சாமிக்கு வாங்கிய சரத்தில் ஒரு துண்டை, மூன்று பேரும் வீட்டில் இருக்கிற சந்தோஷத்தில் வைத்துக்கொண்டாள் போல. கையில் பெரிய எவர்சில்வர் தட்டு. சுண்டல், பொரிகடலை, மூன்று டம்ளர் டீ.

"எவ்ளோ நேரம் கூப்புடறது? டீ ஆறிப்போவுது. நீங்க வரலன்னு நானே எடுத்துகினு வந்துட்டேன். இங்கியே குந்தி..."

காலை எடுத்து வைக்கப் போனாள்.

"யம்மா, வராத! ஈரம்!"

கால் அந்தரத்தில் நின்று, பின்னால் போயிற்று. பாப்பம்மாள் தளத்தைப் பார்த்தாள். படிக்கட்டிலிருந்து ரூம் வரைக்கும் பளபளவென்று கிடந்தது.

"எப்போ காயும்?"

"காலைலம்மா."

"அப்போ நீங்க கீழ...?"

சசி அவன் தோளிலிருந்து தலையை எடுத்துக்கொண்டு நேராக உட்கார்ந்தாள்.

"ராத்திரிக்கு இட்லி ஊத்தலாம்னு மாவு எடுத்து வெச்சேன்" என்றாள் பாப்பம்மாள். யாரிடமோ சொல்வது போல இருந்தது. ஈரத்தின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குச் சத்தமாகத்தான் பேச வேண்டியிருந்தது. அடுத்த வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த சின்னப்பொண்ணு கையை நிறுத்திவிட்டு இவர்கள் பேசுவதைக் கவனித்தாள்.

"டேய் ஜீவா. மத்தியானம் ஒண்ணு சொல்லணும்னியே. இன்னாது?" என்றாள் பாப்பம்மாள்.

"அது... அப்பறம் சொல்றேம்மா."

"குன்றத்தூர் வூட்டப் பத்தியா?"

ஜீவா சசியைத் திரும்பிப் பார்த்தான்.

"ராஜம்மா தங்கச்சி என்கூடத்தான் வேல செய்யுது. ரெண்டு வாரமா எனக்குத் தெரியும். நீயே சொல்லுவ, சொல்லுவன்னு பாத்துகினு கீறேன்." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் ஜீவா தப்பித்திருப்பான். "எத்தினி ரூம்பு அது?"

சசிதான் சொன்னாள்.

"ஒண்ணு அத்தை. ஒரு ரூம்பு, ஒரு சமையக்கட்டு."

பாப்பம்மாள் தட்டிலிருந்த மூன்று டம்ளரைப் பார்த்தாள்.

"ரெண்டு பேருக்குப் போதும்" என்றாள்.

இரண்டு டம்ளரை எடுத்துப் படியில் வைத்தாள். சுண்டலை ஒரு கிண்ணத்தில் போட்டு அதன் பக்கத்தில் வைத்தாள். வைத்த பிறகுதான் அவர்களால் அதை எடுக்க முடியாது என்று உறைத்தது போல. மறுபடி ஒவ்வொன்றாகத் தட்டிலேயே எடுத்து வைத்துக்கொண்டாள். "காக்கா கொட்டிடும்" என்று முணுமுணுத்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள். சின்னப்பொண்ணு பாதித் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இருட்டிக்கொண்டு வந்தது. ஜீவா நிலைப்படியிலேயே உட்கார்ந்திருந்தான். முகம் படிக்கட்டைப் பார்த்து இருந்தது. சசி ரூமுக்குள் லைட்டைப் போட்டாள். பாயை விரித்தாள். இரண்டு தலையணையைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். வெகு நாளைக்குப் பிறகு இரண்டு தலையணை.

"உள்ள வா மாமா."

"வரேன்."

வரவில்லை. கேட்ட ராத்திரி கிடைத்துவிட்டது. குறுக்கே வர ஒருவரும் இல்லை. பக்கத்தில் இருக்க வேண்டியவனும் இல்லை. ஷிஃப்ட்டுக்குப் போயிருந்த நாட்களில்கூட அவன் இவ்வளவு தூரமாக இருந்ததில்லை என்று சசிக்குத் தோன்றியது. அழுகை வந்தது. அழுதாள். அந்தச் சத்தம் கேட்டும் அவன் திரும்பவில்லை.

கீழே டி.வி. ஓடவில்லை. பாத்திரச் சத்தமும் இல்லை.

போன் அடித்தது. ராஜம்மா.

சசி எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். அத்தை முகம் வந்து போயிற்று. கூடவே அந்த நான்கு வருஷமும் வந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"இன்னாம்மா, பதிலே காணோம்? வரீங்களா, வேற ஆளுக்குக் குடுத்துடவா?"

"வரோம்க்கா" என்றாள் சசி. அவனுக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னாள். "நாளைக்குக் காலைல பால் காய்ச்சிடறோம்."

ஜீவா எழுந்து நின்றான். உள்ளே வரப் போகிறான் என்று நினைத்தாள். அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஈரப் பலகை மேல் காலை வைத்தான்.

"மாமா! காயல!"

அவன் நிற்கவில்லை. ஒட்டி ஒட்டிப் பிரிகிற கால்களோடு தளத்தைக் கடந்தான். சாயங்காலம் முழுக்க இரண்டு பேருமாகத் தேய்த்துத் தேய்த்து ஏற்றியதெல்லாம் அவன் மிதித்த இடத்தில் மங்கிக்கொண்டே போயிற்று. படிக்கட்டை அடைந்ததும் ஒரு தரம் திரும்பி அவளைப் பார்த்தான். இருட்டில் அவன் முகம் தெரியவில்லை. எதைச் சொல்ல இறங்குகிறான்? போகிறோம் என்று சொல்லவா? போகவில்லை என்று சொல்லவா? நீயும் வா என்று கூப்பிடவா? அவன் கீழே போய் மறைந்தான். கதவு திறக்கிற சத்தம் கேட்டது.

போனில் ராஜம்மா சந்தோஷமாகப் பேசிக்கொண்டே இருந்தாள். வாசல் தெளித்து வைக்கிறேன், கோலம் போட்டு வைக்கிறேன், பால் மட்டும் நீங்கள் வாங்கி வந்துவிடுங்கள் என்றாள்.

"காலைல டிபன் என் வூட்லதான். எத்தினி பேரும்மா வருவீங்க?"

சசி படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"எத்தினி பேரும்மா?"

"தெரியலக்கா" என்றாள் சசி.